தண்ணீர் வடிகட்டியில் வரிசைதான் விஷயம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான்களில், அதாவது குடியிருப்புகளில், தண்ணீர் மீட்டரை அடுத்து ஒரு பளபளக்கும் எஃகுக் குழல் நிற்பதைப் பார்க்கலாம். உள்ளே போனால் சிங்குக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளைப் பெட்டி தொங்கும். இரண்டுக்கும் தவணை கட்டி முடித்திருப்பார்கள். எது எந்த வேலையைச் செய்கிறது என்று கேட்டால்தான் பதில் வராது. பெரும்பாலும் கோளாறு சாதனத்தில் இல்லை, அதை நிறுத்திய இடத்தில் இருக்கிறது. சரியான சாதனம் தப்பான இடத்தில் இருந்தால், அது இல்லாமலிருப்பதைவிட மோசமாகக்கூட முடியும்.

குழாயில் வருவது பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர்தான். சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போட்டுச் சேற்றைத் திரட்டி அடியில் படிய வைக்கிறார்கள், மணலில் வடிகட்டுகிறார்கள், கடைசியில் குளோரின் சேர்க்கிறார்கள். மலேசியக் குடிநீர்த் தர அளவின்படி சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு 0.2 முதல் 5.0 மி.கி. வரை குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும், கலங்கல் 5 என்டியு (கலங்கலை அளக்கும் அலகு) அளவைத் தாண்டக்கூடாது, இரும்பு 0.3 மி.கி.க்கு மேல் போகக்கூடாது. நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது நல்ல தண்ணீர்தான். வழியில்தான் வம்பு. பழைய குழாயின் துரு, பழுது பார்த்த இடத்தில் புகுந்த மண், தண்ணீர் நின்று மறுபடி வரும்போது கிளம்பும் அடிப்படிவு எல்லாம் சேர்ந்து நம் வீட்டு வாசலுக்கு வருகின்றன.

அந்த மிச்சக் குளோரின் வீணாகக் கிடப்பதில்லை. அது காவல்காரன். வீட்டுக்கு வந்த பிறகும் தண்ணீர் முழுவதும் நேராகக் குழாய்க்குப் போவதில்லை, பெரும்பகுதி கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டியில் ஏறி வெயில் சூட்டில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறது. வெதுவெதுப்பான, இருட்டான, அசையாத தண்ணீர் கிருமிக்கு மாமியார் வீடு மாதிரி. அங்கே குளோரின் இல்லையென்றால் தொட்டிச் சுவரில் வழவழவென்று ஒரு படலம் கட்டும்.

இப்போது வாசல் குழலுக்குள் பாருங்கள். பல குழல்களில் மணலோடு கரியையும் சேர்த்துக் கொட்டியிருப்பார்கள், “குளோரின் வாடையும் போய்விடும்” என்று சொல்லி விற்பார்கள். வாடை போகும், காவல்காரனும் சேர்ந்து போவான். வாசலில் மண்ணை நிறுத்துவது சரி. குளோரினை மட்டும் குடிக்கும் குழாய்க்கு ஓர் அடி முன்னால் வரை உயிரோடு விட வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

எதையும் வாங்குவதற்கு முன் மூன்று சோதனைகளைச் செய்து பாருங்கள். மூன்றும் வீட்டிலேயே முடியும்.

முதலாவது, வெள்ளை வாளி. மழை பெய்த மறுநாள் காலையில் மீட்டர் பக்கத்துக் குழாயில் ஒரு வாளி பிடித்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிடிக்கும்போதே மஞ்சளாக இருந்து அடியில் படிந்தால் அது மண் அல்லது துரு. மணல் வடிகட்டி பிடித்துவிடும். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, நிற்க நிற்கப் பழுப்பேறினால் அது கரைந்த இரும்பு. வெறும் மணல் அதைப் பிடிக்காது. வாசல் குழாயில் சுத்தம், உள்ளே மட்டும் பழுப்பு என்றால் துருப்பிடித்தது வீட்டுக்குள் ஓடும் பழைய இரும்புப் பைப்புதான். வாசலில் எத்தனை குழல் வைத்தாலும் அதற்குப் பலன் இல்லை, பைப்பை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டாவது, வேகம். 10 லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். 30 விநாடி என்றால் நிமிடத்துக்கு 20 லிட்டர். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மணல் குழல் வாங்கும்போது இதுதான் பேசும்.

மூன்றாவது, குளோரின். நீச்சல் குளத்துக்கு விற்கும் டிபிடி சோதனைப் பெட்டி போதும்; டிபிடி என்பது குளோரினை நிறத்தால் காட்டும் மருந்து. குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். இதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மணல் குழலில் பெரும்பாலோர் ஏமாறுவது அளவில்தான். பெரியது நல்லது என்று நினைக்கிறார்கள். மணல் அழுக்கைப் பிடிப்பதோடு வேலை முடிவதில்லை, பிடித்ததைத் திருப்பிக் கழுவி வெளியேற்ற வேண்டும். தண்ணீரைக் கீழிருந்து மேலே செலுத்தி, மணல் படுகை ஐந்தில் ஒரு பங்காவது பொங்கி எழும்பும்படி செய்தால்தான் துகள்கள் ஒன்றோடொன்று உரசி அழுக்கை விடும். அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரையுள்ள மணலை அப்படிப் பொங்க வைக்க, மணிக்குச் சுமார் 36 மீட்டர் வேகத்தில் தண்ணீர் மேலே ஏற வேண்டும். 10 அங்குலக் குழலின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 0.05 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 30 லிட்டர் தேவை. உங்கள் வாளி சொன்னதோ 20. பத்து லிட்டர் பற்றாக்குறையில் மணல் பொங்காது, மேலாகக் கலங்கியதும் “கழுவியாயிற்று” என்று வால்வைத் திருப்பிவிடுவோம். சில மாதங்களில் சேறும் மணலும் சேர்ந்து கொழுக்கட்டை மாதிரி உருண்டை பிடிக்கும். தண்ணீர் அந்த உருண்டைகளைச் சுற்றிப் பொந்து போட்டுக்கொண்டு வடிகட்டாமலேயே இறங்கும். 8 அங்குலக் குழலுக்கு 20 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே போதும். ஆகவே இந்த வீட்டுக்குச் சின்னக் குழல்தான் சரி. நம் ஊர் வெதுவெதுப்பில் தண்ணீரின் பிசுக்குத் தன்மை குறைவு, அது மணலைத் தூக்கும் சக்தியும் குறைவு. கணக்கைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

குழலின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கூழாங்கல், அதற்கு மேல் மணல். மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும், பொங்குவதற்கு இடம் வேண்டுமே. வாரம் ஒரு முறை, வெளியேறும் நீர் தெளியும் வரை திருப்பிக் கழுவுங்கள். நேரத்தைப் பார்க்காதீர்கள், தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். மீட்டருக்கு அடுத்த பைப்பில் கை வைக்கும் வேலை என்பதால் உரிமம் பெற்ற பைப்புக்காரரிடம் விடுங்கள். குழலைத் தவிர்த்துத் தண்ணீரை நேராக விட ஒரு மாற்று வழியும் அதற்கு ஒரு வால்வும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதற்குச் செலவு சொற்பம், இல்லாமல் போனால் படும் பாடு பெரிது.

இனிச் சமையலறை. இணைப்பைக் கூரைத் தொட்டித் தண்ணீரில் கொடுக்காதீர்கள். தொட்டி குழாயைவிட 4 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் கிடைப்பது 0.4 பார் அழுத்தம்தான். மூன்று வடிகட்டிகளைத் தாண்டி வரும்போது நூலாகச் சொட்டும். சிங்க் குழாய்க்குப் பெரும்பாலும் நேர் இணைப்பு இருக்கும், அதிலிருந்தே பிரியுங்கள்.

வடிகட்டியை உள்ளே வைத்து மூடும் 10 அங்குலக் கூடுகள் மூன்று வரிசையாக வரட்டும். முதலில் 5 மைக்ரான் பிபி (பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்) நார் உருளை. மணலைத் தாண்டி வந்த பொடிகளைப் பிடிக்கும். அடுத்து அழுத்திச் செய்த கரிக்கட்டி. கடைசியில் யூஎஃப் எனப்படும் நுண்குழல் வடிகட்டி.

கரிதான் இதில் சுவாரஸ்யமான ஆள். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, 800 டிகிரிக்கு மேல் நீராவி பாய்ச்சினால் அதன் உடம்பெல்லாம் நுண்துளை விழும். நல்ல கரி ஒரு கிராமை விரித்தால் உட்பரப்பு ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் வரும், பன்னிரண்டு பூப்பந்துத் திடல் அளவு. பூச்சிமருந்து, வாடை தரும் கரிமப் பொருள் போன்றவை இந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. குளோரின் கதை வேறு. அது ஒட்டுவதில்லை, கரியோடு வினைபுரிந்து வாடையில்லாத குளோரைடாக மாறிவிடுகிறது. இரண்டுக்குமே நேரம் வேண்டும். 10 அங்குலக் கட்டியின் கன அளவு சுமார் 0.6 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் தண்ணீர் கரிக்குள் 18 விநாடி இருக்கும். குழாயை முழுதாகத் திறந்து 6 லிட்டர் ஓடவிட்டால் 6 விநாடிதான். வேகமாக வருகிறதே என்று மகிழ வேண்டியதில்லை, வேலை நடக்காமல் வருகிறது. குடிக்கும் தனிக் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டருக்கு மேல் போகாதபடி ஒரு கட்டுப்படுத்தி போடுங்கள்.

கரியைத் தாண்டிய தண்ணீருக்குக் காவல் இல்லை. ஈரமான கரியே கிருமி குடியிருக்க ஏற்ற இடமும்கூட. அதனால்தான் யூஎஃப் கரிக்குப் பின்னால் வர வேண்டும், 0.01 முதல் 0.1 மைக்ரான் வரையிலான துளைகள் பாக்டீரியாவை நிறுத்தும். மிகச் சின்ன வைரஸ்களுக்கு இதை நம்ப முடியாது. உப்பையும் நைட்ரேட்டையும் இது தொடவே தொடாது.

அழகு வேண்டும் என்றால் இதையெல்லாம் ஒளிக்க வேண்டியதில்லை. 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரத்தில் 304 ரக எஃகுத் தகடு ஒன்று, சுற்றிலும் ரப்பர் மரச் சட்டம். பால் வற்றி வெட்டப்படும் மரந்தான் இது. இளமஞ்சள் நிறம், நல்ல இழை. ஆனால் ஈரம் பட்டால் சீக்கிரமே கறுத்துப் பூசணம் பிடிக்கும், வண்டும் துளைக்கும். மருந்தேற்றிய பலகையாகப் பார்த்து வாங்கி, வெட்டிய முனைகள் உட்பட எல்லாப் பக்கமும் பாலியூரித்தேன் மூன்று பூச்சு கொடுங்கள். சுவருக்கும் தகடுக்கும் நடுவே 4 செ.மீ. இடைவெளி விட்டால் குழல்கள் பின்னால் மறையும், காற்றும் ஓடும். கால் அங்குலக் குழலை 3 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைத்தால் மடிந்து நெரியும். கூடுகளின் நடுவுக்கு நடு 14 செ.மீ., கீழே 8 செ.மீ. காலியிடம். கீழே இடம் விடாவிட்டால் முதல் தடவை வடிகட்டி மாற்றும்போதே கூட்டைக் கழற்ற முடியாமல் திண்டாடுவீர்கள்.

முதல் கூடு மட்டும் கண்ணாடி மாதிரித் தெரியட்டும், அழுக்கேறுவதைப் பார்க்கலாம். ஆனால் சன்னல் வெளிச்சம் நேராகப் படும் இடத்தில் அதை வைத்தால் சில வாரங்களில் பாசி பிடித்துப் பச்சையாகும். கரிக்கும் யூஎஃப்புக்கும் வெளிச்சம் புகாத கூடுதான். தண்ணீர் நிறைந்த மூன்று கூடுகளும் கிட்டத்தட்ட பத்துக் கிலோ இருக்கும், செங்கல் சுவரில் நான்கு 8 மி.மீ. திருகாணி போட்டு மாட்டுங்கள். அடியில் சரிவான ஒரு தட்டு வைத்து, அதன் வடிகாலைச் சிங்குக்கு விடுங்கள்.

கூடு வெடிப்பது பெரும்பாலும் நடுநிசியில். ஊர் தூங்கும்போது யாரும் தண்ணீர் எடுப்பதில்லை, குழாயில் அழுத்தம் ஏறும். அதனால் நுழைவில் ஒரு அழுத்தக் குறைப்பி வைத்து 3 பாருக்குத் திருகி வையுங்கள். இன்னொரு காரணம் நம் கைபலம். பிளாஸ்டிக் மரையில் வெள்ளை டேப்பை எட்டுப் பத்துச் சுற்று, திருகும் திசையிலேயே சுற்றி, கையால் இறுக்கி, ஸ்பேனரால் அரைச் சுற்று மட்டும். இன்னும் ஒரு சுற்று என்று ஆசைப்பட்டால் மயிரிழை விரிசல் விழும்; அது அன்று தெரியாது, ஆறு மாதம் கழித்துத் தெரியும். ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே. வாசலின் தடவினால் சில வகை ரப்பர் ஊதிப்போகும்.

முதல் நாள் கரிக்கூட்டிலிருந்து கறுப்புத் தண்ணீர் வரும். யூஎஃப் மாட்டுவதற்கு முன் அதை 20 லிட்டர் வரை ஓடவிட்டுக் கழுவுங்கள். பிறகு யூஎஃப்பை மாட்டிப் பத்து நிமிடம் ஓடவிட்டால் அதில் பூசியிருக்கும் கிளிசரின் போகும். வரிசையின் இரு முனையிலும் ஒவ்வோர் அழுத்தமானி இருந்தால், அவற்றின் வித்தியாசம் தொடக்கத்தைவிட 0.7 பார் கூடும்போது நார் உருளை அடைத்துவிட்டது என்று தெரியும். கரி அடைக்காமலேயே செத்துப் போகும், அழுத்தமானி அதைச் சொல்லாது. அதற்குத்தான் டிபிடி. மாதம் ஒரு முறை குடிக்கும் குழாயில் சோதியுங்கள். இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தால் கரிக்கு விடை கொடுங்கள். சிவக்காவிட்டாலும் ஆறு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஆர்ஓ, அதாவது அழுத்தம் கொடுத்து உப்பையும் பிரித்தெடுக்கும் சவ்வு வடிகட்டி, வேண்டாமா என்று கேட்பார்கள். கேட்க வைப்பவர் விற்பனையாளர். இரண்டு டம்ளரில் தண்ணீர், ஒன்றில் குழாய் நீர், ஒன்றில் ஆர்ஓ நீர்; மின்கம்பிகளை இறக்கியதும் குழாய் நீர் சாக்கடை நிறமாகும். வீட்டார் முகம் சுளிக்கும். அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல, இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கிறது. ஆர்ஓ நீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் ஓடாது, கம்பியும் கரையாது. அந்த டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீருக்கு ஆர்ஓ தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. ஒரு லிட்டர் குடிக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுவது இங்கே நியாயமாகத் தெரியவில்லை.

கிணற்று நீரை நம்பியிருக்கும் வீட்டுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கிணற்றில் உரத்தின் நைட்ரேட் இறங்கியிருக்கலாம். கொதிக்க வைத்தால் அதன் செறிவுதான் கூடும். அளவு நைட்ரஜனாக 10 மி.கி.யைத் தாண்டியிருந்தால் அங்கே ஆர்ஓவுக்கு வேலை உண்டு. கரைந்த இரும்புக்கு முதலில் காற்று காட்ட வேண்டும்: பூவாளி மாதிரித் துளையிட்ட பைப்பில் தண்ணீரை ஒரு திறந்த பீப்பாயில் கொட்டவிட்டு, அரை மணியாவது நிறுத்தி, பிறகு மணலுக்கு அனுப்புங்கள். புளிப்பான தண்ணீரில் இந்தத் துருவேற்றம் ஆமை வேகம். புளிப்பை அளக்கும் பிஎச் (புளிப்பு குறையக் குறைய இது ஏறும்) ஒரு படி ஏறினால் ஏறக்குறைய நூறு மடங்கு விரைவாகும். பீப்பாயில் சுண்ணாம்புக் கல் சல்லி போடுவது அதற்காகத்தான். கிணற்று நீரில் குளோரின் இல்லை, ஆகவே யூஎஃப்புக்குப் பிறகும் ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்க விட்டே குடியுங்கள்.

தண்ணீர் நின்று மறுபடி வரும் நாளில் எல்லாருமே ஒரு தவறு செய்வார்கள். காற்றும் சேறும் சேர்ந்து வரும் அந்த முதல் தண்ணீரை வடிகட்டி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். ஒரே நாளில் ஆறு மாத உருளை அடைத்துவிடும். சமையலறை வரிசையின் வால்வை மூடிவிட்டு, கூரைத் தொட்டிக்குப் போகும் வழியையும் அடைத்து, வாசல் குழாயைத் திறந்துவிடுங்கள். வெள்ளை வாளியில் அடி தெரியும் வரை ஓடட்டும். பூச்செடிக்கு அந்தத் தண்ணீர் போதும். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பினாலும் இதே மாதிரிதான், குடிக்கும் குழாயை ஐந்து நிமிடம் திறந்துவிட்ட பிறகே கெட்டிலை நீட்டுங்கள்.