‘ஜமாஅத்’ என்ற சொல்லும் எகிப்தியச் சிறையில் கேட்கப்பட்ட கேள்விகளும்

அரபியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். அரபு நாடு ஒன்றில் குண்டு வெடித்தால், அன்று மாலைக்குள் ஏதாவது ஒரு செய்தி அறையிலிருந்து எனக்கு அழைப்பு வந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஒரு காணொளி வந்தது. ‘ஈராக்கில் தீவிரவாதிகள் உறுதிமொழி எடுக்கும் காட்சி’ என்ற குறிப்புடன் அது ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. பெருங்கூட்டம் ஒன்று ஒரு பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு, ‘லா இலாஹ இல்லல்லாஹ்’ என்று முழங்கியபடி செல்கிறது. ஒருவர் ராணுவத்தைக் குறிக்கும் ‘ஜைஷ்’ என்ற சொல்லை, ஜகரத்தைக் ககரமாக்கிக் ‘கேஷ்’ என்கிறார்; அது எகிப்தியரின் பேச்சு, ஈராக்கியர் அப்படிச் சொல்வதில்லை. மூன்றாவது முறை கேட்டபோதுதான் முழக்கத்தின் இரண்டாம் பாதி எனக்குத் தெளிந்தது: ‘அல்-இர்ஹாபு அதுவ்வுல்லாஹ்’, அதாவது பயங்கரவாதம் இறைவனின் எதிரி. அந்தப் பெட்டி, தீவிரவாதிகளால் கொல்லப்பட்ட ஒரு ராணுவ வீரரின் சவப்பெட்டி. பிள்ளையைப் பறிகொடுத்து அழும் ஊரைத்தான் நம் மக்கள் கொலைகாரர்களின் கூட்டம் என்று எண்ணிப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நம் செய்திகளில் தீவிரவாதம், பயங்கரவாதம், அடிப்படைவாதம் ஆகிய மூன்று சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குகின்றன. ‘ஜமாஅத்’ என்பதோ கூட்டம், குழு என்று மட்டுமே பொருள்படும் ஒரு சாதாரண அரபுச் சொல். தமிழகத்தில் ஊர்ப் பள்ளிவாசலை நிர்வகித்து, திருமணங்களைப் பதிவேட்டில் எழுதி, மையவாடியை (அடக்கத்தலத்தை) பராமரிக்கும் பெரியவர்களின் அமைப்பும் ஜமாஅத்தான்; எகிப்தில் ஆயுதம் ஏந்திய ஒரு குழு தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரிலும் அதே சொல் இருந்தது. பெயரை மட்டும் பார்த்துவிட்டு இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர்களை என் வேலையில் பலமுறை சந்தித்திருக்கிறேன்.

ஆய்வறிவு என்பது இந்த இடத்தில் எப்படி வேலை செய்யும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, எகிப்தியச் சமூகவியலாளர் ஸஅதுத்தீன் இப்ராஹீமைத்தான் உதாரணமாகச் சொல்வேன். 1967இல் இஸ்ரேலுடனான போரில் அடைந்த தோல்வி எகிப்திய இளைஞர்களை உலுக்கியிருந்தது. அதிபர் நாசருக்குப் பின் அப்பதவிக்கு வந்த சாதாத், நாசர் ஆதரவாளர்களையும் இடதுசாரிகளையும் ஒடுக்குவதற்காகப் பல்கலைக்கழகங்களில் இஸ்லாமிய மாணவர் குழுக்கள் வளர இடம் கொடுத்தார். 1974 ஏப்ரலில் ஒரு குழு கெய்ரோவின் ராணுவத் தொழில்நுட்பக் கல்லூரியைத் தாக்கி ஆட்சியைக் கைப்பற்ற முயன்று தோற்றது. 1977 ஜூலையில் வேறொரு குழு, முன்னாள் வக்ஃப் அமைச்சர் முஹம்மது ஹுசைன் அத்தஹபியைக் கடத்திக் கொன்றது. அத்தஹபி, கெய்ரோவின் இஸ்லாமியப் பல்கலைக்கழகமான அல்அஸ்ஹரில் உருவான மார்க்க அறிஞர். அந்தக் குழுவின் கருத்துகளைக் கண்டித்தவர். தங்களோடு சேராத முஸ்லிம்களை இறைமறுப்பாளர்கள் என்று அறிவிக்கும் ‘தக்ஃபீர்’ கொள்கை, முதலில் எடுத்த உயிர்களில் ஒன்று ஓர் ஆலிமுடையது என்பதை நம் செய்திகள் சொல்வதே இல்லை. அந்தக் குழுவுக்கு வழங்கும் ‘தக்ஃபீர் வல்ஹிஜ்ரா’ என்ற பெயரும் பத்திரிகைகள் சூட்டியதுதான். அவர்கள் தங்களை ‘ஜமாஅத்துல் முஸ்லிமீன்’ என்றே அழைத்துக்கொண்டார்கள்.

இவ்விரு குழுக்களையும் சேர்ந்த கைதிகளைச் சிறைக்கே சென்று சந்தித்தது ஸஅதுத்தீனின் ஆய்வுக் குழு. அவர்களில் 34 பேரின் பின்னணியை அலசி 1980இல் அவர் வெளியிட்ட கட்டுரை, அதுவரை பொதுவாக நம்பப்பட்டதைப் புரட்டிப் போட்டது. படிப்பில்லாதவர்கள், குடும்பம் சிதைந்தவர்கள், மனநிலை பிறழ்ந்தவர்கள் என்று ஊரார் சொன்னதற்கு மாறாக, அவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். கட்டுக்கோப்பான நடுத்தரக் குடும்பங்களில் பிறந்து, கிராமங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் பெருநகரத்துக்கு வந்து, மருத்துவம், பொறியியல் போன்ற உயர்ந்த மதிப்பெண் கேட்கும் படிப்புகளில் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். இலங்கையில் 2019 ஏப்ரல் 21 அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வெடித்தபோது, தாக்கியவர்களில் செல்வந்த வணிகக் குடும்பத்துப் பிள்ளைகளும் படித்தவர்களும் இருந்ததைக் கண்டு பலர் அதிர்ந்து போனார்கள். ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்த அந்தக் கட்டுரையைப் படித்தவர்களுக்கு அது அவ்வளவு பெரிய வியப்பாக இருந்திருக்காது.

மொழியறிவு மட்டும் இதற்குப் போதாது என்பதை மொழிபெயர்ப்பாளனாகவே ஒப்புக்கொள்கிறேன். 1928இல் இஸ்மாயிலிய்யா நகரில் பள்ளி ஆசிரியர் ஹசன் அல்பன்னா தொடங்கிய இஹ்வானுல் முஸ்லிமூன் (முஸ்லிம் சகோதரத்துவ) இயக்கத்தையும், 1981 அக்டோபர் 6 அன்று ராணுவ அணிவகுப்பில் சாதாத்தைச் சுட்டுக் கொன்றவர்களையும் ஒரே பெயரால் அழைப்பவர் அரபியைச் சரளமாகப் பேசினாலும் அந்த அரசியலை அறியாதவரே. இஹ்வான்களுக்கும் வன்முறைக்கும் தொடர்பே இருந்ததில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1940களில் அவர்களிடம் ஓர் இரகசியப் பிரிவு இருந்தது. நாசரின் சிறையில் இருந்தபடி எழுதி, 1966இல் தூக்கிலிடப்பட்ட சையித் குதுபும் அந்த இயக்கத்தவர்தான். ஆனால் அவருடைய கருத்துகளைக் கொண்டு பிற முஸ்லிம்களைத் தக்ஃபீர் செய்ய முனைந்தவர்களை அந்த இயக்கத்தின் தலைமையே எதிர்த்தது. யார், எந்த ஆண்டில், எந்த அரசுக்கு எதிராக, எந்தச் சிறையிலிருந்து வெளிவந்த பிறகு பேசுகிறார் என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் ஒரு வாக்கியத்தைக்கூட நேர்மையாக மொழிபெயர்க்க முடியாது என்பது என் அனுபவம்.

இந்த அறிவை அரசுகளும் எப்போதும் வரவேற்பதில்லை. தீவிரவாதிகளைச் சிறையில் சந்தித்த அதே ஸஅதுத்தீனை, சாதாத்துக்குப் பின் அதிபரான முபாரக்கின் அரசு 2000 ஜூனில் கைது செய்தது. அனுமதியின்றி வெளிநாட்டு நிதி பெற்றார், நாட்டின் பெயரைக் கெடுத்தார் என்பன குற்றச்சாட்டுகள். ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, 2003இல் எகிப்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்ட அவர், 2023இல் காலமானார்.

அரபுக் காணொளி ஒன்று உங்கள் கைபேசிக்கு வந்தால், அதன் தலைப்பை நம்புவதற்கு முன் அரபி அறிந்த ஒருவரிடம் கொடுத்துக் கேளுங்கள். உங்கள் ஊர் மதரஸாவில் ஓர் ஆலிம் இருப்பார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீக, உருதுத் துறை இருக்கிறது. தமிழகக் கல்லூரிகள் சிலவற்றிலும் அரபித் துறைகள் உள்ளன. பேச்சு எந்த நாட்டு வழக்கு, முழக்கத்தின் முழு வாசகம் என்ன, சுமந்து செல்வது என்ன என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். நான் சொன்ன அந்த ஊர்வலக் காணொளியைச் செய்தி அறை ஒளிபரப்பவில்லை. ஆனால் பழைய தலைப்போடு அது இன்னும் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அனுப்பியவருக்கு முழக்கத்தின் இரண்டாம் பாதியைத் தமிழில் எழுதி அனுப்புகிறேன்.