மார்கழியில் கறிவேப்பிலை வெளுத்தால் யாரைச் சந்தேகிப்பது?

மார்கழி பிறந்துவிட்டால் மாடித்தோட்டக்காரர்களின் கவலையும் பிறந்துவிடும். கறிவேப்பிலைக் கொழுந்து வெளிறும், செம்பருத்தியின் அடியிலை பழுக்கும். "பனி பட்டிருச்சு" என்று யாராவது தீர்ப்பு சொல்வார்கள். உடனே ஒரு கைப்பிடி யூரியா போய்ச் சேரும். சென்னையிலும் மதுரையிலும் இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு. அங்கே மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வெப்பமண்டலச் செடியைக் குளிர் நேரடியாகத் தாக்க, பொதுவாக 10–12 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். சமவெளியில் பனியைவிட, ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்த மழையைச் சந்தேகிப்பதே நியாயம்.

முதலில் எந்த இலை வெளுத்தது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் எல்லாம் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி முற்றின இலையிலிருந்து அவற்றை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படி எளிதில் நகராது. அடியிலை பச்சையாகவே இருக்க, துளிர் மட்டும் வெளுக்கும்.

வெளுத்த கறிவேப்பிலை ஈர்க்கு ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சைக் கோடுகளாக ஓடி, இடையெல்லாம் மஞ்சளாக இருந்தால் இரும்புத் தட்டுப்பாடாக இருக்க வாய்ப்பு அதிகம். இதே கோலம் அடியிலையில் தெரிந்தால் மக்னீசியத்தைப் பாருங்கள். பச்சைய மூலக்கூறின் நடுவில் உட்கார்ந்திருப்பது மக்னீசியம்தான். அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். இரும்புக்கு அந்த மூலக்கூறில் இடமே இல்லை. ஆனால் அது இல்லாமல் செடியால் பச்சையத்தை உருவாக்க முடியாது.

சரி, மண்ணில் இரும்பு இல்லையா? ஏராளமாக இருக்கிறது. வேரால் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். பந்தியில் இலை நிறையப் பரிமாறிவிட்டுக் கையைக் கட்டிப்போட்டது போன்ற நிலைமை. சத்தை உறிஞ்சுவதற்கு ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு வேர் சுவாசிக்க வேண்டும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. தென்னைநார்க் கழிவு நிரப்பிய தொட்டி மழையில் ஊறிக்கிடந்தால் வேர் மூச்சுத் திணறும். கூடவே போர் தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டும் கெடுக்கும்: இரும்பைக் கரைக்க வேர் கசியவிடும் அமிலத்தை அது முறித்துவிடும். தொட்டியைச் சாய்த்து மண்ணை உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் மட்டும் உறைபோலக் கழன்று வரும். சில சமயம் அழுகின முட்டை வாடையும் அடிக்கும். இந்த நிலையில் யூரியா போடுவது உபகாரம் அல்ல, உபத்திரவம்.

கொடைக்கானல், ஊட்டி பக்கம் கதை வேறு. அங்கே குளிரே குற்றவாளி, வெயில் அதற்குக் கூட்டாளி. விடியற்காலைக் குளிரிலும் இலை வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். அதைச் சர்க்கரையாக்கும் நொதிகள்தான் மந்தமாகிவிடும். செலவழியாத ஆற்றல் ஆக்ஸிஜன் மீது பாய்ந்து, வீரியமான ஆக்ஸிஜன் வகைகளை உண்டாக்கிப் பச்சையத்தையே அரிக்கிறது. அடையாளம் சுலபம்: வெயில் பட்ட பக்கம் வெளுத்திருக்கும், மேல் இலை மறைத்த இடம் மட்டும் பச்சையாக இருக்கும். 1992-இல் ஜப்பானின் நோரியோ முராட்டா குழுவினர், புகையிலைச் செடியின் பசுங்கணிகச் (இலைக்குள் பச்சையம் இருக்கும் நுண்ணுறுப்பு) சவ்வில் உள்ள ஒரு கொழுப்பை மரபணு வழியே மாற்றி, குளிர் தாங்கும் திறனைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று காட்டினார்கள். மண்ணும் குளிர்ந்துவிட்டால் வேர் மணிச்சத்தைச் சரியாக எடுக்காது. அப்போது இலையில் ஊதா நிறம் ஏறலாம்.

எல்லா நிறமாற்றமும் நோய் அல்ல. தெருவோர நாட்டு வாதுமை குளிர்காலத்தில் செக்கச்செவேல் என்று சிவந்து இலை உதிர்ப்பதும், முருங்கை பழுத்துக் கொட்டுவதும் இயல்பு. ஊசி குத்தியதுபோல் வெளிர்புள்ளிகள் தெரிந்தால் வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசு நகர்ந்தால் அது சிலந்திப்பேன்.

இரும்பா இல்லையா என்று உறுதி செய்ய 1840-களிலேயே பிரான்சின் யூசேப் கிரி ஒரு வழி காட்டியிருக்கிறார்: வெளுத்த இலையிலேயே இரும்பு உப்பைப் பூசிப் பார்ப்பது. உரக்கடையில் கிடைக்கும் அன்னபேதி (இரும்பு சல்பேட்) அரை கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் ஒரு துளிரின் பாதியில் மட்டும் தடவுங்கள். சில நாட்களில் அந்தப் பாதி மட்டும் பச்சை ஏறினால் இரும்புதான். அப்போதும் மண்ணில் அன்னபேதியைக் கொட்டாதீர்கள். சுண்ணாம்புத் தன்மையுள்ள மண் அதைக் கரையாத துருவாக்கிப் பூட்டிவிடும். இலைவழியாகவே தெளியுங்கள், தொட்டி காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள்.