‘கருவளத் திறன்’ அல்ல, முட்டை இருப்பு

போன மாதம் என் அக்கா மகள் ஒரு பரிசோதனைத் தாளோடு வீட்டுக்கு வந்தாள். வயது 33, கல்யாணமாகி நாலு வருஷம். ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்துகொள்ளலாமா என்று அவளும் கணவரும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். தாளில் ‘ஏ.எம்.எச். 0.9’ என்று இருந்தது. அதற்குக் கீழே ஆய்வகத்தார் தமிழிலும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ‘கருவளத் திறன்: மிகக் குறைவு.’

ஆங்கிலம் படிக்காத அவள் மாமியார் அந்தத் தமிழ் வரியைப் படித்துவிட்டார். படித்துவிட்டுத் தாளை நாலாக மடித்து டிவி மேசையில் வைத்தாராம். ஒரு வார்த்தை பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாராம். இவள் என்னிடம் வந்து, “சித்தி, எனக்குப் பிறக்கவே பிறக்காதா?” என்று கேட்டாள்.

ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருந்த சொல் ‘ஓவேரியன் ரிசர்வ்’. அதைக் ‘கருவளத் திறன்’ என்று எழுதுவதை நான் பார்ப்பது இது முதல் தடவை இல்லை. துண்டறிக்கையில் பார்த்திருக்கிறேன், மகளிர் பக்கக் கேள்வி பதிலில் பார்த்திருக்கிறேன், யூடியூபில் காது புளிக்கக் கேட்டிருக்கிறேன். வீட்டுப் பெண் ஒருத்தி அதைப் படித்து அழுத பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் ‘ஓவம்’ என்றால் முட்டை. அதிலிருந்து முட்டை உண்டாகும் உறுப்பான சூலகத்துக்கு ‘ஓவேரியம்’ என்று பெயர் வந்தது. ‘ரிசர்வ்’ என்பதற்கு வேர் ‘ரிசர்வாரே’, பின்னால் வேண்டும் என்று எடுத்து வைப்பது. ஆக, சூலகத்தில் இன்னும் மிச்சம் இருக்கும் முட்டைகள். அவ்வளவுதான்.

அந்த மிச்சம் ஏன் முக்கியம் என்றால், முட்டைகள் புதிதாகச் சேருவதில்லை. பெண் சிசு தாய் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது அதன் சூலகங்களில் 60, 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பூப்படையும்போது 3, 4 லட்சம், மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஏறத்தாழ ஆயிரம். ரேஷன் கடை வாசலில் பலகை தொங்குமே, அரிசி இருப்பு இவ்வளவு, சர்க்கரை இருப்பு இவ்வளவு என்று, அந்த ‘இருப்பு’தான் இங்கே வேண்டிய சொல். நம் எல்லோர் வாயிலும் உள்ள சொல்.

ஏ.எம்.எச். என்ற ‘ஆன்டி முல்லேரியன் ஹார்மோன்’ அந்த இருப்பை மறைமுகமாகக் காட்டுகிறது. வளரத் தொடங்கிய சிறு முட்டைப்பைகளைச் சூழ்ந்த செல்கள் இதைச் சுரக்கின்றன. பைகள் நிறைய இருந்தால் ரத்தத்தில் அளவு கூடும், குறைந்தால் குறையும். ஊரில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று புகையைப் பார்த்துச் சொல்வது போல. இதோடு ஸ்கேனில் 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை உள்ள பைகளை நேரடியாக எண்ணுவதும் உண்டு. இரண்டிலும் கிடைப்பது எண்ணிக்கை பற்றிய கணிப்புதான்.

இப்போது ‘கருவளத் திறன்’ என்பதற்கு வருவோம். ‘கருவளம்’ கெட்ட சொல் இல்லை. ஒரு நாட்டில் பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தை பிறக்கிறது என்பதைக் ‘கருவள வீதம்’ என்கிறார்கள், அங்கே அது பொருந்தும். ஆனால் ‘வளம்’ என்று தமிழன் எதைச் சொல்வான்? மண்வளம், நீர்வளம். மண்வளம் குறைவு என்றால் அந்த மண்ணே சத்தில்லாதது என்று பொருள். களஞ்சியத்தில் எத்தனை மூட்டை நெல் இருக்கிறது என்று கேட்டால், நிலம் தரிசு என்று பதில் சொல்வதா? அதோடு ‘திறன்’ வேறு. திறன் குறைவு என்றதும் அது அந்தப் பெண்ணுடைய குறை ஆகிவிடுகிறது. ஒரு சோதனை எண், குடும்பமே கூடி வழங்கும் தீர்ப்பாக மாறிவிடுகிறது.

உண்மையில் ஏ.எம்.எச். கருத்தரிக்கும் திறனைச் சொல்வதே இல்லை. அமெரிக்காவில் கருத்தரிப்பில் பிரச்சினை இருந்த வரலாறு இல்லாத, 30 முதல் 44 வயதுவரை உள்ள 750 பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. ஏ.எம்.எச். 0.7-க்குக் கீழே இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயற்கையாகக் கருத்தரித்தார்கள். ஏனென்றால் ஒரு மாதத்தில் கருத்தரிக்க ஒரு நல்ல முட்டை போதும். அந்த முட்டை நல்லதா என்பதைப் பெரும்பாலும் வயதுதான் தீர்மானிக்கிறது. 33 வயதில் 0.9 உள்ளவளின் முட்டைகளில், 42 வயதில் 3 உள்ளவளுடையதைவிடக் குரோமோசோம் கோளாறு குறைவாகவே இருக்கும். எண்ணிக்கை வேறு, தரம் வேறு.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், அபத்தம் இன்னும் தெளிவாகத் தெரியும். சூலகத்தில் சிறு முட்டைப்பைகள் வளர்ச்சி நின்றுபோகும் பி.சி.ஓ.எஸ். என்ற கோளாறு உள்ள பெண்களுக்கு ஏ.எம்.எச். வழக்கமாக அதிகமாகவே இருக்கும். சிறு முட்டைப்பைகள் நிறைய இருப்பதுதான் காரணம். ஆனால் முட்டை மாதாமாதம் ஒழுங்காக வெளிவராததால்தான் அவர்களில் பலர் மருத்துவரிடமே வருகிறார்கள். இந்தத் தமிழ்ப்படி அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் தாளில் என்ன எழுதுவீர்கள், ‘கருவளத் திறன்: மிக அதிகம்’ என்றா? ‘முட்டை இருப்பு அதிகம்’ என்று எழுதினால் உண்மையும் நிற்கும், குழப்பமும் வராது.

அப்படியானால் இந்தச் சோதனை எதற்கு? ஐ.வி.எஃப்.க்கு நிஜமாகவே தேவை. ஊசி போட்டு முட்டைகளை வளர்க்கும்போது எத்தனை கிடைக்கக்கூடும், மருந்து எவ்வளவு வேண்டும் என்று மருத்துவர் இதை வைத்துத்தான் திட்டமிடுகிறார். இருப்பு குறைவென்றால் ஒரு சுற்றில் குறைந்த முட்டைகளே கிடைக்கலாம். இருப்பு மிக அதிகமென்றால் சூலகம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு, அதனால் மருந்தைக் குறைப்பார்கள். ‘இருப்பு’ என்ற சொல் இந்தக் கணக்கையெல்லாம் தானாகவே புரியவைக்கிறது.

‘இருப்பு’ மளிகைக்கடைச் சொல் மாதிரி இருக்கிறது, உடலுக்குப் பொருந்துமா என்று ஒரு நண்பர் கேட்டார். ‘சேமிப்பு’ என்று வைக்கலாமே என்றார். சேமிப்பில் மேலும் மேலும் போட முடியும், இதில் முடியாதே! கடைச் சொல் என்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. இருப்பு என்றால் என்ன என்று யாருக்கும் அகராதி தேவைப்படாது. சிலர் ‘சூலக இருப்பு’ என்கிறார்கள். தவறில்லை, ஆனால் சூலகம் உடம்பில் இருக்கிறதா இல்லையா என்பது போலவும் படிக்கலாம். எது இருக்கிறது என்று சொல்லிவிடுவது நல்லது, அதனால் ‘முட்டை இருப்பு’. நூல்நடை வேண்டுமென்றால் ‘சினைமுட்டை இருப்பு’.

முட்டையைக் ‘கருமுட்டை’ என்று சொல்வது பரவலாகிவிட்டது, தெரியும். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. விந்தணு சேர்ந்த பிறகுதானே கரு? முட்டையை உறைய வைப்பதும் கருவை உறைய வைப்பதும் ஐ.வி.எஃப்.பில் வேறு வேறு. முட்டை அவளுடையது மட்டும், கருவில் இருவரும் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் படிவத்தில் ‘கருமுட்டை’ என்று எழுதி வைத்தால் எதற்குச் சம்மதம் தருகிறோம் என்று எப்படித் தெரியும்?

இதைவிடப் பெரிய கேடு ‘கருப்பை நீர்க்கட்டி’. பி.சி.ஓ.எஸ்.க்குத் தமிழ்நாடு முழுக்க இதுதான் பெயர். அது கருப்பையிலும் இல்லை, கட்டியும் இல்லை. சூலகத்தில் வளர்ச்சி நின்ற சிறு முட்டைப்பைகள் அவை. கருப்பையை எடுத்துவிட வேண்டுமா என்று பயந்து கேட்ட பெண்களை எனக்குத் தெரியும். உறுப்பின் பெயரையே மாற்றிப் போட்டுவிட்டு அதற்குமேல் என்ன விளக்கி என்ன பயன்?

ஆண்களின் தாளிலும் இதே கதை. ‘இயல்பான விந்தணு 4 சதவீதம்’ என்று பார்த்ததும் 96 கெட்டுவிட்டதாக நினைத்து ஆடிப்போகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில், இயல்பான உருவம் உள்ள விந்தணுக்களுக்கு அந்த 4 சதவீதம்தான் கீழ் எல்லை. ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை அளந்து வைத்த எல்லை அது. ‘உருவ அமைப்பு 4 சதவீதம், எல்லைக்குள்’ என்று இரண்டு சொல் சேர்த்து எழுத மொழிபெயர்ப்பாளருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவர்களுக்கு ஆங்கிலமும் தெரிகிறது, தமிழும் தெரிகிறது. அந்தத் தாளை யார் கையில் வைத்துப் படிப்பார்கள் என்று மட்டும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இவ்வளவையும் அன்றைக்கு அக்கா மகளிடம் சொல்லவில்லை. அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘முட்டை இருப்பு: வயதுக்குக் குறைவு’ என்று எழுதிக் கொடுத்தேன். கணவரின் பரிசோதனைத் தாளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து போன் செய்தாள். மாமியார் மறுபடியும் தாளைப் பிரித்துப் பார்த்தாராம்.

“இருப்புதான் கம்மியா? அப்போ தள்ளிப்போடாம சீக்கிரம் போங்க” என்றாராம்.