பிள்ளை வீட்டில் இருப்பது கவுன்சிலுக்குத் தெரியுமா?

இங்கிலாந்தில் பாடசாலைக்குப் போகமுடியாமல் வீட்டில் நிற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காகக் கவுன்சில்களோடு மல்லுக்கட்டுவது என் வேலை. உதவி கேட்டு வரும் தமிழ்க் குடும்பங்களில் அநேகமானவை ஒரே மாதிரித்தான் கதையைத் தொடங்கும். "ஸ்கூலோட எத்தனையோ தரம் கதைச்சிட்டம் அக்கா, ஒண்டும் நடக்கேல்லை." கவுன்சிலுக்கு எழுதினீர்களா என்று கேட்டால், "கவுன்சில் இதில என்ன செய்யும்?" என்று திருப்பிக் கேட்பார்கள். குப்பை எடுப்பதற்கும் வீட்டு வரி வாங்குவதற்கும்தான் கவுன்சில் என்று நம்மவர்கள் பலர் நினைத்திருக்கிறார்கள்.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் பெற்றோர் எல்லோரும் தெரிந்து வைத்திருக்கவேண்டும். கட்டாயக் கல்வி வயதில் உள்ள ஒரு பிள்ளைக்கு நோயாலோ, பாடசாலையிலிருந்து வெளியேற்றப்பட்டதாலோ, வேறு காரணத்தாலோ தகுந்த கல்வி கிடைக்காமல் போகுமென்றால், அதை ஏற்பாடு செய்யவேண்டியது கவுன்சில். பிள்ளையின் பெயர் ஒரு பாடசாலையின் பதிவில் இருந்தாலும் இந்தக் கடமை வரும். கவுன்சிலின் கீழ் இல்லாமல் அரசின் நிதியில் நேரடியாக நடக்கும் அகாடமி பாடசாலையாக இருந்தாலும் வரும். ஏற்பாட்டைச் செய்யும்படி பாடசாலையிடம் கவுன்சில் சொல்லலாம், அது நடக்காவிட்டால் பதில் சொல்லவேண்டியது கவுன்சில்தான்.

நோய் என்றதும் கால் முறிந்து கட்டிலில் கிடப்பதைத்தான் பலர் நினைக்கிறார்கள். நான் அதிகம் காண்பது வேறு. காலையில் யூனிஃபோர்ம் போட்டுவிடும், சாப்பிட்டும் விடும், சப்பாத்துக் கட்டக் குனியும்போது கை நடுங்கி வாந்தி எடுக்கும் பிள்ளை. "பஞ்சி, நடிக்கிறான்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பாடசாலையும் வேறு வார்த்தைகளில் அதையேதான் சொல்லும். மனப்பதற்றமும் உடல்நலப் பிரச்சினைதான். உடல்நலக் காரணங்களால் ஒரு பிள்ளை 15 பாடசாலை நாட்களோ அதற்கு மேலோ வரமுடியாது என்று தெரிந்தவுடனேயே மாற்று ஏற்பாடு செய்யவேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல் கவுன்சில்களிடம் சொல்கிறது. 15 நாட்களும் அடுத்தடுத்து வரவேண்டியதில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்ந்தாலும் கணக்குத்தான். நிரந்தரமாக வெளியேற்றப்பட்ட பிள்ளைக்கு ஆறாவது பாடசாலை நாளிலிருந்து கவுன்சில் முழுநேரக் கல்வி கொடுக்கவேண்டும்.

சரி, சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் மாதக்கணக்கில் பிள்ளைகள் வீட்டில் நிற்கிறார்கள்? "எங்களுக்கு இந்த விஷயம் தெரியாது" என்று கவுன்சில் சொல்ல இடமிருக்கும்வரை அது நடந்துகொண்டேயிருக்கும். கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பான உள்ளூராட்சி ஓம்பட்ஸ்மனிடம் விஷயம் போகும்போது அவர்கள் முதலில் தேடுவதும் இதைத்தான்: கவுன்சிலுக்கு எப்போது தெரியவந்தது, அதற்குப் பிறகு என்ன செய்தது? பாடசாலை வாசலில் ஆசிரியரோடு கதைத்தது கவுன்சிலின் கோப்பில் இருக்காது.

ஆகவே இன்றைக்கே ஒரு இமெயில் எழுதுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பாடசாலை, எந்தத் தேதியிலிருந்து போகவில்லை, ஏன் போகமுடியவில்லை, இப்போது எத்தனை மணித்தியாலம் கல்வி கிடைக்கிறது (பூச்சியம் என்றால் பூச்சியம் என்றே போடுங்கள்). 19ஆம் பிரிவின்படி கல்வி ஏற்பாடு செய்யும்படி கேட்டு, பதில் எதிர்பார்க்கும் தேதியையும் குறிப்பிடுங்கள். எந்தப் பிரிவுக்கு அனுப்புவதென்று தெரியாவிட்டால் வருகைப் பிரிவுக்கும் விசேட கல்விப் பிரிவுக்கும் சேர்த்து அனுப்பி, தலைமை ஆசிரியருக்கும் ஒரு பிரதி போடுங்கள். இங்கிலிஷ் பிழையாக இருக்குமே என்று தயங்கவேண்டாம், தேதிகள் சரியாக இருந்தால் போதும். அப்புறம் யாராவது தொலைபேசியில் கதைத்தால், அன்று மாலையே "நீங்கள் இன்று இப்படிச் சொன்னீர்கள்" என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்.

கூடவே பாடசாலையிடம் வருகைப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நாளுக்கும் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்றாக ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'ஐ' என்றால் நோய், 'ஓ' என்றால் அனுமதியில்லாத விடுப்பு, 'சி2' என்றால் குறைந்த நேர அட்டவணை. டாக்டர் கடிதம் கொடுத்த பிறகும் 'ஓ' விழுந்துகொண்டிருந்தால் அதை எழுத்தில் ஆட்சேபியுங்கள். அபராதம் வருவது இந்த எழுத்திலிருந்துதான். முதல் தடவை என்றால் ஒரு பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு 160 பவுண், 21 நாட்களுக்குள் கட்டினால் 80. இந்தப் பயத்திலேயே கவுன்சிலுக்கு எழுதாமல் ஒதுங்கி நிற்கும் அம்மாமாரைப் பார்த்திருக்கிறேன். பயப்படவேண்டாம். ஆதாரங்களைப் பார்த்து, பிள்ளை பாடசாலைக்குப் போகக்கூடியதா, இல்லை மாற்றுக் கல்வி தேவையா என்று கவுன்சில் ஒரு முடிவுக்கு வரவேண்டும். எந்த முடிவும் எடுக்காமல் கோப்பை மூடிவைப்பதைத்தான் ஓம்பட்ஸ்மன் தவறு என்று திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார். 2022இல் வந்த அவர்களுடைய சிறப்பு அறிக்கையின் சாரமே அதுதான்.

"விசேட வைத்தியரின் கடிதம் கொண்டுவாருங்கள்" என்று சொல்லும் கவுன்சில்களும் உண்டு. மனநலப் பிரிவின் காத்திருப்புப் பட்டியலில் பிள்ளை நிற்கும்போது அந்தக் கடிதத்துக்கு எங்கே போவது? அது வரும்வரை கவுன்சில் கைகட்டி இருக்கமுடியாது. ஜிபியின் (குடும்ப வைத்தியரின்) கடிதம், பாடசாலைத் தாதியின் குறிப்பு, நீங்கள் எழுதிவைத்த நாட்குறிப்பு எல்லாவற்றையும் கொடுங்கள். கிடைத்த ஆதாரத்தை வைத்து முடிவெடுப்பது அவர்கள் கடமை.

கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் ஒன்லைன் வகுப்பைக் கொடுத்துவிட்டு விஷயம் முடிந்தது என்பார்கள். உடல் அல்லது மனநலம் காரணமாக முழுநேரம் பிள்ளைக்கு நல்லதல்ல என்றால் மட்டுமே பகுதிநேரம் சரி. அதையும் இடைக்கிடை மீளாய்வு செய்து, பிள்ளை தாங்கும் அளவுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஆசிரியர் கிடைக்கவில்லை, பணம் இல்லை என்பவை ஏற்கத்தக்க காரணங்கள் அல்ல.

எனக்கு மிகவும் கோபம் வருவது வேறொன்றில். "வீட்டில் வைத்தே படிப்பிக்கிறோம் என்று ஒரு கடிதம் தாருங்கள், அபராதம் வராது, பிரச்சினை முடிந்துவிடும்" என்று பெற்றோரிடம் சொல்வார்கள். உதவி என்று நம்பி அம்மா கையெழுத்துப் போடுவார். சாதாரண பாடசாலை என்றால் அந்தக் கடிதத்தோடு பிள்ளையின் பெயர் பதிவிலிருந்து எடுபடும். படிப்பிக்கும் பொறுப்பும் செலவும் பெற்றோரின் தலையில் விழும், கல்வி ஏற்பாடு செய்யும் கடமையிலிருந்து கவுன்சில் விலகிக்கொள்ளும். உங்களுக்கு உண்மையிலேயே வீட்டில் படிப்பிக்கும் விருப்பம் இருந்தால் அது உங்கள் உரிமை. யாரோ சொன்னதற்காக மட்டும் அப்படி ஒரு கடிதம் எழுதாதீர்கள். ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள் என்றால், எந்த நிலைமையில், யார் சொல்லி எழுதினீர்கள் என்பதை உடனே கவுன்சிலுக்கு எழுதி, மீண்டும் பாடசாலை இடம் கேளுங்கள்.

கவுன்சில் அசையவில்லை என்றால் முதலில் அவர்களுடைய முறைப்பாட்டு நடைமுறையை முடிக்கவேண்டும். பல இடங்களில் அது இரண்டு கட்டம். அதற்குப் பிறகும் திருப்தியில்லை என்றால் ஓம்பட்ஸ்மன். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. பிரச்சினை உங்களுக்குத் தெரியவந்து 12 மாதங்களுக்குள் போகவேண்டும் என்பது பொது விதி. பாடசாலைக்குள் ஆசிரியர்கள் நடந்துகொண்ட விதத்தை அவர்கள் விசாரிக்கமாட்டார்கள். ஆகவே முறைப்பாட்டில் தலைமை ஆசிரியரைத் திட்டிப் பக்கங்களை வீணாக்காமல் கவுன்சில் செய்யாததை எழுதுங்கள்.

இஎச்சிபி (விசேட தேவையுள்ள பிள்ளைக்குக் கவுன்சில் தயாரிக்கும் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம்) இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. அதில் எழுதிய பாடசாலை பொருத்தமில்லை என்பதால்தான் பிள்ளை போகவில்லை என்றால், அதற்கு வழி விசேட கல்வித் தீர்ப்பாயம். மேல்முறையீட்டு உரிமை வந்த தேதியிலிருந்து, அந்தச் சர்ச்சையோடு பிணைந்த காலத்தை ஓம்பட்ஸ்மன் தொடமாட்டார். அதற்கு முந்திய மாதங்களுக்கு முறைப்பாடு செய்யலாம். திட்டம் தயாரிக்க 20 வாரங்கள்தான் கெடு. அதைத் தாண்டி இழுத்தடித்ததையும் தனியாகச் சேர்த்து எழுதுங்கள்.

தவறு உறுதியானால், இழந்த ஒவ்வொரு தவணைக்கும் பொதுவாக 900 முதல் 2,400 பவுண் வரை கொடுக்கும்படி ஓம்பட்ஸ்மன் பரிந்துரைப்பார். பிள்ளையின் தேவைகள், இடையில் கொஞ்சமாவது கல்வி கிடைத்ததா, ஜிசிஎஸ்இ பரீட்சை போன்ற முக்கியமான ஆண்டா என்பதைப் பார்த்துத் தொகை மாறும். பரிந்துரைக்குச் சட்டக் கட்டாயம் இல்லாவிட்டாலும் அநேகமாக எல்லாக் கவுன்சில்களும் கட்டுகின்றன. ஆனால் விசாரணைக்கு மாதங்கள் எடுக்கும். பிள்ளை இப்போதும் கல்வியில்லாமல் வீட்டில் நிற்கிறது என்றால், சமாந்தரமாக ஒரு கல்விச் சட்ட சொலிசிட்டரைப் பாருங்கள். கடமையைச் செய்யும்படி கவுன்சிலை நீதிமன்றத்துக்கு இழுக்கும் வழி உண்டு, அதற்குச் சட்ட உதவி நிதி கிடைக்குமா என்றும் கேளுங்கள். நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பு சொலிசிட்டர் அனுப்பும் கடிதத்துக்கே சில கவுன்சில்கள் ஆசிரியரை அனுப்பிவிடும்.

கவுன்சிலோடு கூட்டம் வைத்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். வீட்டில் நிற்கும் பிள்ளையையோ அதன் அக்காவையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றி அதிகாரி சொல்லும் கடுமையான வார்த்தைகளை அந்தப் பிள்ளையே அம்மாவுக்குத் தமிழில் சொல்லவேண்டிய நிலைமை வரும்.