மருந்து வைத்த ஆறாம் வாரம்

தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வரோவா உண்ணிக்கு மருந்து வைத்த மறுநாளே தேனீக்கள் வெளியே போவதைக் குறைத்துவிட்டன என்று பதறி வருபவர்களைத் தேனீ நல ஆலோசகராக நான் அடிக்கடி சந்திக்கிறேன். பூக்கள் நிறைந்திருக்கும் காலத்தில் காரணமே தெரியாமல் தேனீக் குடும்பம் மெலிந்துவிட்டது என்று வருபவர்கள் அவ்வளவு பேர் இல்லை. ஆயினும் பெரிய இழப்பு பெரும்பாலும் அவர்களுக்குத்தான். அவர்களிடம் கடைசியாக எப்போது மருந்து வைத்தீர்கள் என்று கேட்டால், ‘அது ஆயிற்றே ஒன்றரை மாதம்’ என்பார்கள். விடை அந்த ஒன்றரை மாதத்தில்தான் இருக்கிறது.

முதலில் மறுநாள் குறைவைப் பார்ப்போம். ஃபார்மிக் அமிலமும் தைமாலும் ஆவியாகிப் பெட்டி முழுவதும் பரவி உண்ணியைக் கொல்பவை. அந்த ஆவியை வெளியேற்ற ஏராளமான தேனீக்கள் வாசலில் நின்று இறக்கையால் விசிற வேண்டியிருக்கிறது; வேறு சில வெளிப்புறத்தில் தாடிபோல் தொங்குகின்றன. வேலையாட்கள் இடம் மாறுவதால் பூவின் இனிப்புச் சாறான மதுரமும் மகரந்தமும் கொண்டுவருபவை குறைகின்றன. வெப்பநிலை சரியாக இருந்தால் சில நாட்களில் இது தானாகவே சீராகும்.

ஆறாம் வாரத்துக் குறைவு வேறு வகையானது. வெயில் கடுமையான நாட்களில் ஃபார்மிக் அமிலம் வேகமாக ஆவியானால் மருந்துக்கு அருகிலுள்ள புழுக்கள் மடியும், இராணி சில நாட்கள் முட்டையிடுவதை நிறுத்தும், சில பெட்டிகளில் இராணியே இறந்துபோகும். முட்டையிலிருந்து பணித் தேனீ வெளிவர 21 நாட்கள் ஆகின்றன. வெளிவந்த தேனீ மேலும் ஏறத்தாழ மூன்று வாரங்கள் கூட்டுக்குள் வேலை செய்த பிறகே பூவைத் தேடிப் பறக்கிறது. ஆகவே இன்று விடுபட்ட முட்டைகளின் இடைவெளி, ஆறு வாரங்கள் கழித்து உணவு திரட்டும் தேனீக்களின் எண்ணிக்கையில் தெரிகிறது. அந்த இடைவெளியை நிரப்ப இளம் தேனீக்கள் உரிய வயதுக்கு முன்பே வெளியே பறக்கத் தொடங்குவதும் உண்டு. அவ்வாறு முந்திப் பறப்பவை சீக்கிரம் மடிவதால் இழப்பு மேலும் நீள்கிறது.

நரம்பு வழியே செயல்படும் மருந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமிட்ராஸ், ஆக்டோபமைன் என்னும் நரம்புச் செய்திப் பொருளுக்கான உண்ணியின் ஏற்பிகளைத் தாக்குகிறது. அதே ஆக்டோபமைன்தான் தேனீக்களிடம் வெளியே பறக்கும் பருவத்தைத் தூண்டுவதிலும், பூ இருக்கும் திசையைச் சொல்லும் நடனத்திலும் பங்கு வகிக்கிறது. பரிந்துரைத்த அளவில் வைத்தபோது வாசலில் கண்ணுக்குத் தெரியும் குறைவு எதையும் நான் கண்டதில்லை. ஆனால் விரைவில் பலன் கிடைக்கும் என்று நம்பி அளவை இரட்டிப்பாக்குபவர்கள் எந்த நரம்பு மண்டலத்தோடு விளையாடுகிறோம் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். இவ்வகை மருந்துகளான கூமபாஸும் ஃப்ளூவாலினேட்டும் கொழுப்பில் கரைபவை என்பதால் மெழுகில் தங்கி ஆண்டுக்காண்டு சேர்கின்றன. கூமபாஸ் ஏறிய மெழுகில் வளர்த்த இராணிகள் வலுக்குறைந்திருப்பதும், ஆண் தேனீக்களின் விந்தணுக்கள் உயிர்த்தன்மை இழப்பதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. பழைய அடைகளைச் சுழற்சி முறையில் மாற்றச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இதையெல்லாம் படித்து மருந்தே வேண்டாம் என்று முடிவு செய்பவர்கள் இதைவிட மோசமான இடத்துக்குப் போகிறார்கள். வரோவா உண்ணி வளர்ந்த தேனீயின் கொழுப்புத் திசுவைத்தான் முதன்மையாக உண்கிறது என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. போதாததற்கு, இறக்கைகளை உருக்குலைக்கும் வைரஸையும் அது பரப்புகிறது. உண்ணி தொற்றிய தேனீ வழி கண்டு கூடு திரும்ப அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது, சில திரும்புவதே இல்லை. அவை பெட்டிக்கு முன்னால் செத்துக் கிடப்பதில்லை என்பதால்தான் உரிமையாளரின் கண்ணில் படுவதில்லை.

ஆகவே நான் வலியுறுத்துவது மருந்தின் பெயரைக் காட்டிலும் நாளைத்தான். இராணி விலகியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, புழு அடையிலிருந்து சுமார் 300 தேனீக்களை எடுத்து ஆல்கஹாலில் அலசி உண்ணிகளை எண்ணுங்கள். 100 தேனீக்கு 2 அல்லது 3 உண்ணிகளைத் தாண்டினால் மருந்து தேவை. பெரிய பூப்பருவம் தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி ஆறு வாரங்களுக்கும் மேலாக எண்ணி, அதற்குள் சிகிச்சை முடியுமாறு தொடங்குங்கள். ஏறத்தாழ 30 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறும் நாட்களில் ஃபார்மிக் அமிலத்தைத் தொடாதீர்கள். ஆக்ஸாலிக் அமிலம், புழு வளரும் மூடிய அறைகளுக்குள் புகாது, உண்ணி இனம் பெருக்குவதோ அவற்றுக்குள்தான். எனவே புழு இல்லாத இடைவெளியே அதற்கு ஏற்ற காலம். வைப்பதற்கு முன்பும் பின்பும் ஒரே நேரத்தில், ஒரு நிமிடத்துக்கு எத்தனை தேனீக்கள் மகரந்தத்தோடு உள்ளே வருகின்றன என்று எண்ணி எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பேடு இல்லாமல் வருபவரிடம் மருந்தா, உண்ணியா, வறண்ட பருவமா என்று பிரித்துச் சொல்ல என்னாலும் முடியாது.

பெட்டிக்குள் வைக்கும் மருந்துப் பட்டைகளைக் குறித்த வாரத்தில் எடுத்துவிடவும் மறக்காதீர்கள். அண்மையில் நான் திறந்த ஒரு பெட்டியில் முந்தைய ஆண்டின் பட்டை அப்படியே கிடந்தது. தேனீக்கள் அதன்மேல் பிசினைப் பூசி அடையோடு ஒட்டவைத்திருந்தன. அலசிப் பார்த்தபோது உண்ணிகளும் குறைவில்லாமல் இருந்தன.