மகனைத் திருத்தச் சொல்லி வரும் அம்மாக்கள்

குடும்ப ஆலோசனைக்கு என்னிடம் வரும் தாய்மார்களில் பலர் தங்களைப் பற்றிப் பேச வருவதில்லை. "மகனுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்றுதான் தொடங்குவார்கள். அப்படிப்பட்டவர்களிடம் ஒரு நகைச்சுவைப் படத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். ஜெயன் மூட்லி இயக்கி 2017இல் வெளிவந்த 'கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ்'.

கதை தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் நடக்கிறது. அண்டை வீட்டுக்காரிகளான ஜெனிஃபர் கந்தசாமிக்கும் சாந்தி நாயுடுவுக்கும் ஏழாம் பொருத்தம். ஒருத்தியின் மகளும் மற்றவளின் மகனும் காதலிக்க, அவர்களைப் பிரிக்க அம்மாக்கள் முனைகிறார்கள். பார்த்துவிட்டு வருபவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வது ஒன்றுதான்: "அப்படியே என் நாத்தனார்!" தன்னைக் கண்டதாக முதல் நாளே சொல்பவர்கள் அபூர்வம்.

இதில் ஊருக்கும் பங்கு உண்டு. நிறவெறி ஆட்சி இந்தியர்களுக்கென 1960களில் எழுப்பிய குடியிருப்பு சாட்ஸ்வர்த். பல வீடுகளுக்கு நடுச்சுவர் ஒன்றே. இந்தப் பக்கம் சண்டை போட்டால் அந்தப் பக்கம் கேட்கும். 'பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள்' என்ற கவலையிலேயே வளர்ந்த பெண்ணுக்குப் பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும்தான் மதிப்பெண் பட்டியல்.

என்னிடம் வரும் குடும்பங்களில், மகளுக்குக் கேப்டவுனில் பல்கலைக்கழக இடம் கிடைத்த வாரத்தில் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது. மகனின் கைப்பேசியை நள்ளிரவில் திறந்து பார்க்கிறார். அப்பாவோ இறைச்சி சுடும் பிராய் அடுப்புப் பக்கம் ஒதுங்கிவிடுகிறார். நான் கேட்கும் கேள்வி எளிது: "பிள்ளைகள் போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் என்ன செய்வீர்கள்?" பெரும்பாலும் பதில் வராது. மகன்மீதான கோபத்துக்கு அடியில் இருக்கும் பயம் அங்கேதான் வெளியே தெரிகிறது.

படத்தில் மனங்கள் ஒன்றரை மணி நேரத்தில் மாறிவிடுகின்றன. என் அறையில் மாதக்கணக்காகும். கல்யாணத்தோடு விட்ட பரதநாட்டியத்தையோ, தள்ளிப்போட்ட கார் ஓட்டும் பயிற்சியையோ முதலில் தொடங்கச் சொல்கிறேன். மகனைப் பற்றிய பேச்சை அதன் பிறகு எடுத்தால் குரலே வேறாக இருக்கும்.

ஆனால் தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமில்லாத அழுகை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் படமும் நடனமும் போதாது. அது மனச்சோர்வாக இருக்கலாம். மாதவிடாய் நிற்கும் பருவமும் அதைக் கூட்டலாம். அருகிலுள்ள கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். மகனை அழைத்துவர வேண்டாம், தனியாகவே போங்கள்.