வெள்ள நிவாரணம்: உதவப் போகிறவர்கள் முதல் இரண்டு நாளில் செய்ய வேண்டியது

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் முடிந்த கையோடு, தென்பெண்ணைக் கரையோர ஊர் ஒன்றுக்குப் பாயும் பிஸ்கட்டும் ஏற்றிக்கொண்டு நாங்கள் நான்கு பேர் போனோம். எங்களுக்கு முன்பே மூன்று வண்டி பிஸ்கட் வந்து இறங்கியிருந்தது. கணுக்கால் சேற்றில் நடந்து வந்த ஒரு அம்மா, "தம்பி, மாடு செத்துப்போச்சு, பொதைச்சிட்டோம். இப்ப வந்து போட்டோ எங்கன்னு கேக்குறாங்க" என்றார். கையில் அறுந்த தும்புக்கயிறு மட்டும் இருந்தது. கறவை மாட்டுக்கு அப்போது நிவாரணம் 37,500 ரூபாய். நாற்றம் தாங்காமல் புதைத்ததால் அந்தப் பணம் அவருக்கு வரவே இல்லை. முந்தின நாளே யாராவது போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருக்கும்.

ஊருக்கு உதவக் கிளம்புகிறவர்கள் சோறு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு நோட்டும் நல்ல கேமரா உள்ள போனும் எடுத்துக்கொண்டு இரண்டு பேர் வீடு வீடாகப் போங்கள்.

தொகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபெஞ்சலுக்கு அரசு அறிவித்தது: உயிரிழப்புக்கு 5 லட்சம், சேதமடைந்த குடிசைக்கு 10,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100, நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதித்த குடும்பங்களுக்கு ரேஷன் அட்டைக்கு 2,000. அடுத்த புயலில் தொகை மாறலாம். மக்கள் சிக்கிக்கொள்ளும் இடங்கள் மாறுவதில்லை.

முதலில் கால்நடை. புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுச் சான்று வாங்க வேண்டும். அவர் வரத் தாமதமானால், செத்த மாட்டோடு வீட்டுக்காரரையும் நிற்கவைத்துப் படம் எடுங்கள். பின்னால் வீடோ கோயிலோ தெரியட்டும். விஏஓவுக்கு (கிராம நிர்வாக அலுவலர்) அதை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தேதியோடு நிற்கும்.

வீடும் அப்படித்தான். சேற்றை வழித்துக் கழுவி, கூரையைத் தூக்கிக் கட்டிய பிறகுதான் கணக்கெடுக்க வருவார்கள். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். கழுவும் முன் சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டைப் படமெடுங்கள். முழுச் சேதமா, பகுதிச் சேதமா என்று எதை எழுதுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சுவர் நிற்கிறது என்பதற்காக, அடி கரைந்த மண் வீட்டைப் பகுதி என்று போட்டால் அங்கேயே கேளுங்கள். பிறகு மாற்றுவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும்.

பயிருக்கு 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் இருந்தால்தான் பணம். தண்ணீர் நிற்கும்போது யாரும் வருவதில்லை. வடிந்து பல நாள் கழித்து வருகிறார்கள். மேலே பச்சை தெரியும், அடியில் வேர் அழுகியிருக்கும். வரப்பிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்ப விடாதீர்கள்; ஒரு தூரைப் பிடுங்கி வேரைக் காட்டச் சொல்லுங்கள். விஏஓவிடம் இருக்கும் பயிர்ப் பதிவேடான அடங்கலில் இந்தப் பருவத்துப் பயிர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஹெக்டேர் என்பதை நிறையப் பேர் ஏக்கர் என்று காதில் வாங்கிவிடுகிறார்கள். அந்த 17,000, ஏக்கருக்கு ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவுதான்.

எனக்கு மனசு ஆறாதது குத்தகைக்காரர்கள் விஷயம். விதைத்தவர் ஒருவர், பணம் போவது பட்டாக்காரர் கணக்குக்கு. கணக்கெடுப்புக்கு முன்பே நிலத்துக்காரரிடம் பேசி, சாகுபடி செய்வது இன்னார் என்று எழுதி வாங்கி விஏஓவிடம் கொடுங்கள். பட்டியல் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டால் பேசிப் பயனில்லை.

அப்புறம் வங்கிக் கணக்கு. பல வருடமாகக் கை வைக்காத கணக்கு முடங்கிக் கிடக்கும். அந்த எண்ணைக் கொடுத்தால் பணம் திரும்பிப் போய்விடும். பாஸ்புக்கில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் என்றாலும் சிக்கல்தான். வயதானவர்களைக் கையோடு வங்கிக்கு அழைத்துப் போய்ச் சரிசெய்யுங்கள். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவிகளில் இது ஒன்று. ரேஷன் அட்டை வெள்ளத்தில் போயிருந்தால் கடைப் பதிவிலிருந்து எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். அட்டையே இல்லாதவர்களையும் விட்டுவிடாதீர்கள். 2023-இல் மிக்ஜாம் புயலுக்கு 6,000 ரூபாய் கொடுத்தபோது, அவர்களிடமும் ரேஷன் கடையிலேயே விண்ணப்பம் வாங்கினார்கள்.

உயிர் போன வீட்டில் இதைப் பேசுவது கஷ்டம். உடலை அறுக்க வேண்டாம் என்று அழுவார்கள். ஆனால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் கோப்பு நகராது. நெருங்கிய உறவினர் ஒருவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

பட்டியலில் பெயர் விட்டுப்போனால் "ஆர்.ஐ.யைப் (வருவாய் ஆய்வாளர்) பாருங்க", "தாசில்தாரைப் பாருங்க", "மேலேருந்து இன்னும் வரல" என்று அலையவிடுவார்கள். வாயால் கேட்டுக்கொண்டு நடக்காதீர்கள். மனுவாக இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். அங்கே ரசீது உண்டு. முதல்வர் உதவி எண்ணான 1100-க்கு போன் செய்தும் பதிவு செய்யலாம். நிவாரணத்துக்கு எந்த இடத்திலும் கட்டணம் கிடையாது. "பாரத்துக்கு இருநூறு" என்று கேட்கிற ஆளிடம் ஆதார் நகலைக்கூடக் கொடுக்க வேண்டாம்.

அதற்கும் பதில் வராவிட்டால், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஊரின் பயனாளிகள் பட்டியலைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பட்டியல் வந்ததும் உங்கள் நோட்டைப் பக்கத்தில் வைத்து, விட்டுப்போன பெயர்களுக்கு ஒவ்வொருவர் பேரிலும் தனித்தனி மனு எழுதுங்கள். ஊர் மொத்தத்துக்கும் ஒரே மனு கொடுத்தால் ஒரே பதிலில் முடித்துவிடுவார்கள்.